ஈஸ்ட்டில் சாராயம், தசையில் லாக்டேட்: பைருவேட் எந்த இடத்தில் வழி பிரிகிறது?

அல்சூர் டியூஷன் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும் சந்தேகம் என்று வந்தால் என்னிடம் தமிழில்தான் கேட்பார்கள். போன வாரம் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஈஸ்ட் அதைச் சாராயமாக மாற்றுகிறது, நம் தசை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு அம்புக்குறிகளோடு இந்தப் படம் முடிந்துவிடும். அவள் கேட்டது இது: “இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே பைருவேட் என்றால், நம் தசை ஏன் சாராயம் தயாரிப்பதில்லை?” அதற்குரிய நொதி நம்மிடம் இல்லை என்றேன். “நொதி ஏன் இல்லை, டீச்சர்?” என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், வரும் சனிக்கிழமை வகுப்பில் அவளுக்கு முறையாகப் பதில் சொல்வேன்.

யஷ்வந்த்பூர் ஆய்வு மாணவன் எழுதியது:

டீச்சர், நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆகவே சற்று நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைருவேட் வரை வந்த கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுக்கோஸ் பத்துப் படிகளைக் கடந்து, மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாக முடிகிறது. செல்லுக்கு நிகர வரவு 2 ஏ.டி.பி. (செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு). அதோடு எலக்ட்ரான்களைச் சுமக்கும் இரண்டு என்.ஏ.டி. மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு என்.ஏ.டி.எச். ஆகின்றன. செல்லில் இருக்கும் என்.ஏ.டி. மிகக் கொஞ்சம் என்பதால், ஏற்றிய சுமையை எங்காவது இறக்கினால்தான் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியும். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சிஜனும் கைகொடுத்தால் சுமை அங்கே இறங்கும். இல்லாவிட்டால் பைருவேட்டின் மீதே இறக்கிவைக்க வேண்டியதுதான். தசையில் லாக்டேட் டிஹைட்ரோஜனேஸ் என்ற ஒரே நொதி, பைருவேட்டின் நடுக் கார்பனில் எலக்ட்ரான்களை ஏற்றி அதை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலம் செல்லுக்குள் இருக்கும் வடிவம்) மாற்றுகிறது. மூன்று கார்பனும் அப்படியே இருக்கின்றன. ஈஸ்ட்டில் இதற்கு இரண்டு படிகள் வேண்டும். பைருவேட் டீகார்பாக்சிலேஸ் ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றி விடுகிறது. மிஞ்சும் அசிட்டால்டிஹைடு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு எத்தனால், அதாவது சாராயம், ஆகிறது.

நீங்கள் மாணவியிடம் சொன்னது சரிதான். அந்த முதல் நொதி நமக்கு இல்லை. ஆனால் அது செய்கிற வேலையின் முதல் பாதி நம் ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லிவிடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பைருவேட்டில் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே உள்ள பிணைப்பை அறுப்பது எளிதன்று. அதற்கு இரு தரப்பும் பயன்படுத்தும் கருவி ஒன்றே: தையமின் பைரோபாஸ்பேட், அதாவது பி1 வைட்டமின் செல்லுக்குள் எடுக்கும் வடிவம். அது பைருவேட்டைப் பற்றிக்கொள்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, இரண்டு கார்பன் கொண்ட துண்டு ஒன்று தையமினோடு ஒட்டியபடி நிற்கிறது. இதுவரை ஈஸ்ட்டுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. ஈஸ்ட்டின் நொதி அந்தத் துண்டை அசிட்டால்டிஹைடாக வெளியே விட்டுவிடுகிறது. நம்முடைய பைருவேட் டிஹைட்ரோஜனேஸ் தொகுதியோ அதை வெளியே விடாமல் பக்கத்தில் இருக்கும் லிப்போயிக் அமிலக் கையில் கொடுக்கிறது. அந்தக் கை அதைத் துணைநொதி ஏ-யிடம் சேர்க்கிறது. அப்படி உருவாகும் அசிட்டைல் கோ-ஏ, அதை முழுதாக எரிக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்குள் போகிறது. சாராயத்துக்கும் சுவாசத்துக்கும் வழி பிரிவது இந்தக் கைமாற்றத்தில்தான்.

ஈஸ்ட்டில் இந்த நொதியை 1911இல் கண்டவர் கார்ல் நியூபெர்க். அதற்குத் துணை நிற்பது தையமின் பைரோபாஸ்பேட் என்று 1937இல் லோமனும் ஷூஸ்டரும் காட்டினார்கள்.

“ஏன் இல்லை” என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். ஈஸ்ட் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தில் கழிவை விட்டுவிட்டுப் போகலாம். நம் தசையில் உண்டாவது இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். லாக்டேட்டாக வைத்திருந்தால் கார்பன் எதுவும் வீணாகாது. இதயத் தசை அதைத் திரும்பப் பைருவேட்டாக்கி எரித்துக்கொள்ளும், கல்லீரல் அதிலிருந்து மறுபடி குளுக்கோஸ் செய்யும். கல்லீரல் வழியாகப் போய் வரும் இந்தச் சுற்றுக்குக் கோரி சுழற்சி என்று பெயர். கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் 1947இல் நோபல் பரிசு பெற்ற இணையர். தசைக்கு 2 ஏ.டி.பி. கிடைத்த அதே குளுக்கோஸைத் திரும்பக் கட்ட கல்லீரல் 6 ஏ.டி.பி. செலவழிக்கிறது என்றாலும், ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கடன் உதவுகிறது.

கே.ஆர்.புரம் மாவுக்கடை எழுதியது:

தம்பி விளக்கியதைப் படித்து நிறையத் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பெங்களூருக் குளிரில் மாவு பொங்காமல் கிடக்கும்போது, கிரைண்டர் இருக்கும் சின்ன அறையில் இரவு முழுக்க விளக்கைப் போட்டு வைப்பேன். மாவு பொங்குவதும் புளிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அப்படியானால் ஈஸ்ட் வழியும் தசை வழியும் சேர்ந்தே மாவில் நடக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா? பொங்க வைக்கும் காற்று பைருவேட்டிலிருந்து வருவதுதானே?

யஷ்வந்த்பூர் ஆய்வு மாணவன் எழுதியது:

அண்ணா, ரொட்டி மாவு என்றால் நீங்கள் சொல்வது சரி. அங்கே ஈஸ்ட் பைருவேட்டிலிருந்து கழற்றும் கார்பன் டை ஆக்சைடுதான் மாவை உப்ப வைக்கிறது. இட்லி மாவில் காற்று பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது.

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதன்மையான பங்கு லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியத்துக்கு உண்டு. அது உளுந்தோடும் அரிசியோடும் இயற்கையாகவே வருகிறது. அது குளுக்கோஸை நம் செல்களைப் போல நேராக இரண்டு மூன்று-கார்பன் துண்டுகளாகப் பிளப்பதில்லை. தொடக்கத்திலேயே ஆறு கார்பனில் ஒன்றைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடுகிறது. மாவில் நீங்கள் பார்க்கும் குமிழி அதுதான். எஞ்சிய ஐந்து கார்பன் மூன்றும் இரண்டுமாகப் பிளக்கிறது. மூன்று கார்பன் துண்டு பைருவேட் வழியாக லாக்டிக் அமிலமாகிப் புளிப்பைத் தருகிறது. இரண்டு கார்பன் துண்டு பைருவேட்டைத் தொடாமலேயே எத்தனாலாகவோ அசிட்டிக் அமிலமாகவோ முடிகிறது. ஆகவே உங்கள் மாவில் புளிப்பு பைருவேட் தந்தது, மாவு பொங்குவது பைருவேட்டுக்கு முன்பே நடந்து முடிந்தது. சில மாவுகளில் ஈஸ்ட்டும் இருக்கும் என்பதால், அதன் பங்கு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தயிரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் லாக்டேட் வழியில் போகின்றன. அதனால்தான் தயிர் புளிக்கிறது, பொங்குவதில்லை.

டீச்சருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “ஆக்சிஜன் இல்லாவிட்டால்” என்ற நிபந்தனையைச் சற்றுத் தளர்த்திச் சொல்லுங்கள். சர்க்கரை ஏராளமாகக் கிடைத்தால், ஆக்சிஜன் இருக்கும்போதே ஈஸ்ட் சாராயம் தயாரிக்கும்.

ஜாலஹள்ளி ஆய்வகத்தவர் (ஓய்வு) எழுதியது:

தளர்த்திச் சொல்ல வேண்டியது ஈஸ்ட்டுக்கு மட்டும் அல்ல. முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்தவன் நான். நம் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே திரிந்தாலும், மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் தன் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. சுமார் 120 நாள் வாழும் அந்தச் செல் பிழைப்பு முழுவதையும் இந்த 2 ஏ.டி.பி. கணக்கிலேயே நடத்துகிறது.

இது படிப்போடு நிற்கிற செய்தி இல்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சோடியம் புளோரைடு இருக்கும். சாதாரணக் குழாயில் விட்டு மேசையில் வைத்தால், இரத்தச் செல்கள் குழாய்க்குள்ளேயும் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். அளவு மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு வரை குறைந்துபோகும். புளோரைடு ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. பைருவேட் உருவாவதற்குச் சரியாக ஒரு படி முன்னால் இருக்கும் நொதி அது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இந்தக் குழாயைக் கையில் கொடுத்துத்தான் கிளைக்கோலைசிஸை, அதாவது குளுக்கோஸ் பைருவேட்டாக உடையும் பாதையை, விளக்குவேன்.

இன்னொன்று, நம் எல்லோர் வீட்டு மருத்துவ அறிக்கையிலும் இருக்கும் எஸ்.ஜி.பி.டி. அந்த நான்கு எழுத்தில் மூன்றாவதான “பி” பைருவிக் என்ற சொல்லின் முதல் எழுத்து. இப்போது ஏ.எல்.டி. என்று எழுதுகிறார்கள், நொதி அதேதான். அலனின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியைக் கழற்றிப் பைருவேட்டாக மாற்றுவது அதன் வேலை. திரும்பிய திசையிலும் செய்யும். கல்லீரல் செல்கள் சிதையும்போது அந்த நொதி இரத்தத்தில் கசிகிறது. அதை அளக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இரத்த நீரோடு அலனினைச் சேர்த்தால் பைருவேட் உண்டாகும். அதை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆகவே லாக்டேட் டிஹைட்ரோஜனேஸையும் என்.ஏ.டி.எச்.-ஐயும் சேர்த்து வைக்கிறோம். உண்டாகிற பைருவேட் உடனே லாக்டேட் ஆக, என்.ஏ.டி.எச். தீர்ந்துகொண்டே வரும், 340 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வது குறைந்துகொண்டே வரும். குறைகிற வேகம்தான் அறிக்கையில் அச்சாகும் எண். மாணவி கேட்ட அதே வினை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முறை என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

அல்சூர் டியூஷன் டீச்சர் எழுதியது:

ஐயா, அந்த நான்கு எழுத்தில் பைருவேட் ஒளிந்திருப்பதை இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் கவனித்ததில்லை. மிக்க நன்றி.

ஆய்வு மாணவர் எழுதியதில் எனக்கு இன்னொரு சந்தேகம். லாக்டேட்டும் அலனினும் பைருவேட்டாகத் திரும்பி வருகின்றன. அசிட்டைல் கோ-ஏ அப்படித் திரும்பி வருமா? வராது என்றே படித்த நினைவு. அப்படியானால், கொழுப்பு உடைந்து அசிட்டைல் கோ-ஏ ஆகிறதே, பட்டினி நேரத்தில் அதிலிருந்து உடல் சர்க்கரை செய்துகொள்ள முடியாதா?

ஜெயநகர் குழந்தைகள் நல மருத்துவர் எழுதியது:

முடியாது, டீச்சர். பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும் படி விலங்குகளில் ஒருவழிப் பாதை. மூன்று கார்பனில் ஒன்று காற்றாகப் போய்விட்டது. அதைத் திரும்ப ஒட்டும் வழி நம்மிடம் இல்லை. கொழுப்பில் கிளிசரால் பகுதி மட்டும் சர்க்கரையாகலாம், நீண்ட கொழுப்பு அமிலங்கள் பொதுவாக ஆகா. மூளைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். ஆகவே பட்டினியில் தசைப் புரதம் கரைந்து, அதன் நைட்ரஜனைச் சுமந்துகொண்டு அலனின் கல்லீரலுக்கு வருகிறது. ஐயா சொன்ன நொதி அதைப் பைருவேட்டாக்குகிறது.

அந்த நேரத்தில் கல்லீரல் தன் பைருவேட்டை எரித்துவிட்டால் எல்லாம் வீண் அல்லவா? அதற்கு உடல் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். கொழுப்பு எரிந்து அசிட்டைல் கோ-ஏ குவியும்போது, அதுவே பைருவேட் டிஹைட்ரோஜனேஸை அடக்குகிறது, பைருவேட் கார்பாக்சிலேஸைத் தூண்டுகிறது. பயோட்டின் துணையோடு இயங்கும் அந்த இரண்டாவது நொதி பைருவேட்டை ஆக்சலோ அசிட்டேட்டாக்கி, குளுக்கோஸுக்குப் போகும் பாதையில் திருப்பிவிடுகிறது. கொழுப்பால் சர்க்கரையாக மாற முடியாது; ஆனால் சர்க்கரையாக மாறக்கூடியதை எரியாமல் காப்பாற்ற முடிகிறது.

இந்த ஒருவழிக் கதவு மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் என் தொழிலில் பார்க்கிறேன். தம்பி சொன்ன தையமின் இல்லாவிட்டால் பைருவேட் உள்ளே போக முடியாமல் தேங்கி, லாக்டேட்டாக வழிந்து, இரத்தம் அமிலமாகிறது. தாய்க்குத் தையமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். மூன்று மாதக் கைக்குழந்தை மூச்சிரைப்போடும் பால் குடிக்க மறுத்தும் வரும், இதயம் சோர்ந்திருக்கும். தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ணும் காஷ்மீரில் இப்படிப்பட்ட குழந்தைகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊசியில் தையமின் ஏற்றினால் சில மணி நேரங்களிலேயே குழந்தை தேறத் தொடங்குவது உண்டு. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று வெறும் வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் மட்டும் கொடுக்கும் வீடுகளில், தயவுசெய்து பருப்பையும் பயறையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். உடலில் சேமிப்பாக இருக்கும் தையமின் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும்.

பெரியவர்களிலும் இது உண்டு. நெடுநாள் குடிப்பழக்கத்தால் தையமின் வற்றியவருக்கு, அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், கதவு மூடியிருக்கும்போதே கூட்டத்தை உள்ளே தள்ளுவது போலாகி மூளை பாதிக்கப்படும். தையமினைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது இளம் மருத்துவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று.

கே.ஆர்.புரம் மாவுக்கடை எழுதியது:

டாக்டர் அம்மா, எங்கள் கடையில் இட்லிக்குப் புழுங்கல் அரிசிதான். அதில் இந்தச் சத்து இருக்குமா?

ஜாலஹள்ளி ஆய்வகத்தவர் (ஓய்வு) எழுதியது:

பச்சரிசியைவிட அதில் கூடுதலாகவே இருக்கும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தையமின் நீரில் கரைந்து அரிசியின் உள்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். அரிசியைப் பல தண்ணீரில் கழுவி, சோற்றைக் கஞ்சி வடித்தால், தங்கியதிலும் ஒரு பங்கு வடிநீரோடு போகும். பெங்களூருக்கு வந்த பிறகு நம்மவர் பலர் சோற்றுக்குச் சோனா மசூரிப் பச்சரிசிக்கு மாறிவிட்டோம் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறேன்.

தையமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பு 1890களில் ஜாவாவில் கிறிஸ்தியான் ஐக்மன் கோழிகளிடம் கண்டதிலிருந்து தொடங்கியது; அவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தையமினை 1936இல் வேதிமுறையில் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886இல் பிறந்தவர். பைருவேட்டோடு இதை இணைத்தவர் ஆக்ஸ்போர்டில் இருந்த ருடால்ஃப் பீட்டர்ஸ். தையமின் இல்லாத உணவால் கழுத்து வளைந்து துடித்த புறாக்களின் மூளைத் திசு, பைருவேட்டை எரிக்க முடியாமல் திணறுவதை 1930களில் கண்டார். சோதனைக் குழாயில் தையமின் சேர்த்ததும் அந்தத் திசு மறுபடி ஆக்சிஜனை உறிஞ்சத் தொடங்கியது. திசுவில் கண்ணுக்குத் தெரியும் சிதைவு எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வினை நின்றுபோனதால் வரும் நோய் இருக்க முடியும் என்பது அந்தக் காலத்துக்குப் புதிய எண்ணம்.

யஷ்வந்த்பூர் ஆய்வு மாணவன் எழுதியது:

டீச்சர், மாணவியின் கேள்விக்கு நான் விட்டுவிட்ட ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். தசையில் சாராயம் தயாரிக்கும் முதுகெலும்புள்ள விலங்கு உண்டு: தொட்டியில் வளர்க்கும் தங்கமீனும் அதன் உறவான குரூசியன் கெண்டையும். குளிர்நாட்டுக் குளங்கள் பனியால் மூடி, ஆக்சிஜன் தீர்ந்துபோன பிறகும் குரூசியன் கெண்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் லாக்டேட் சேர்ந்தால் அமிலத்தில் இறந்துவிடும். ஆகவே மற்ற உறுப்புகளிலிருந்து வரும் லாக்டேட்டைத் தசை திரும்பப் பைருவேட்டாக்கி, எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. இந்த மீன்கள் எத்தனால் உண்டாக்குவது 1980இலேயே தெரியும். எப்படி என்பது 2017இல் விளங்கியது. பைருவேட் டிஹைட்ரோஜனேஸின் முதல் பகுதிக்கான மரபணுக்கள் அவற்றின் மூதாதையில் இரட்டித்துவிட்டன. ஒரு தொகுதி வழக்கமான வேலையைச் செய்ய, மற்றது இரண்டு கார்பன் துண்டை லிப்போயிக் கையில் கொடுக்காமல் அசிட்டால்டிஹைடாக விட்டுவிடக் கற்றுக்கொண்டது. முதல் பதிவில் நான் எழுதிய அந்தக் கைமாற்றம் தவறவிடப்பட்டால் சாராயம்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. சாராயத்தை வெளியேற்ற மீனைச் சுற்றி நீர் இருக்கிறது, நமக்கு இல்லை.

ஹெப்பாள் வேளாண் பட்டதாரி எழுதியது:

கொழுப்பு சர்க்கரை ஆகாது என்று டாக்டர் சொன்னது விலங்குகளுக்குப் பொருந்தும். ஆமணக்கு விதையும் நிலக்கடலையும் முளைக்கும்போது அதைச் செய்தே தீர வேண்டும். இலை விடும்வரை அவற்றிடம் இருப்பது எண்ணெய்தான். கார்பனை இழக்கும் படிகளைத் தாண்டிப் போகும் கிளையாக்சிலேட் சுழற்சி அவற்றுக்கு உண்டு. 1957இல் கோர்ன்பெர்க்கும் கிரெப்ஸும் கண்டது. கவனிக்க வேண்டியது, அந்தப் பாதையும் ஒருவழிக் கதவைத் திறப்பதில்லை. பைருவேட்டைத் தொடாமலே ஆக்சலோ அசிட்டேட் வழியாகச் சர்க்கரைக்குப் போகிறது.

அல்சூர் டியூஷன் டீச்சர் எழுதியது:

சனிக்கிழமை வகுப்பில் தங்கமீனிலிருந்தே தொடங்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: பைருவேட் உருவாகும் படியும் திரும்பாதது என்று பாடத்தில் இருக்கிறது. செடிகளிலும் அப்படித்தானா?

ஹெப்பாள் வேளாண் பட்டதாரி எழுதியது:

பைருவேட் கைனேஸ் என்ற அந்த நொதி எங்கும் திரும்பாது. நம் கல்லீரல் அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு படிகளில் ஏறுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் வேறொரு நொதியால் ஒரே படியில் ஏறிவிடுகின்றன. பைருவேட் பாஸ்பேட் டைகைனேஸ் என்று பெயர், ஏ.டி.பி.-யின் இரண்டு பாஸ்பேட் பிணைப்புகளின் விலையைக் கொடுத்துப் பைருவேட்டை அதற்கு முந்தைய படியான பாஸ்போ ஈனால் பைருவேட்டாகத் திருப்புகிறது. வெளிச்சம் இருந்தால் இயங்கும், குளிரில் சோர்ந்துபோகும். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து இலையின் உள்செல்லில் குவிக்கும் சி4 சுற்று இதை நம்பியே ஓடுகிறது.

உங்கள் மாணவர்கள் வீட்டில் சாப்பிடும் ராகியும் சி4 பயிர்தான், ஆனால் அதன் ஏற்பாடு சற்று வேறு. உள்செல்லில் கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிட்ட பிறகு எஞ்சும் பைருவேட், அமினோ தொகுதி ஒன்றை வாங்கி அலனினாகி வெளிச்செல்லுக்குத் திரும்புகிறது. அங்கே அதைக் கழற்றிவிட்டு மறுபடி பைருவேட் ஆகிறது. ஜாலஹள்ளி ஐயா 340 நானோமீட்டரில் அளந்துகொண்டிருந்த அதே அலனின்–பைருவேட் வினை, வெயில் இருக்கும் நேரமெல்லாம் கோலார்ப் பக்கத்து ராகி வயலில் ஒவ்வோர் இலையிலும் இரு திசையிலும் நடந்துகொண்டிருக்கிறது.